மனசுக்காக ஓடலாம், வாங்க!

ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளானூர் ஆகட்டும், அம்பத்தூர், பூந்தமல்லி ஆகட்டும்... விடியற்காலையில் வேகவேகமாக நடப்பவர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. ‘எதுக்கு நடக்கிறீங்க?’ என்று கேட்டால், கூச்சமே இல்லாமல் பதில் வரும். ‘சுகர் இருக்கு’, ‘பிரஷர் இருக்கு’, ‘டாக்டர் வெயிட்டைக் குறைக்கச் சொல்லியிருக்கார்’.

‘மனசு சரியில்லை, அதுக்காக நடக்கிறேன்’ என்று ஒருவராவது சொல்வாரா? பக்கத்து வீட்டுக்கு மட்டுமல்ல, சொந்த வீட்டுக்குள்ளேயே சொல்லத் தயங்குகிற விஷயம் அது. அந்தத் தயக்கத்தை உடைக்க ஓட்டத்தையே கருவியாக்கிய இருவரின் கதை இது.

பெயர் தெரியாத நண்பர்

2008 ஜனவரி. லண்டனைச் சேர்ந்த ஜானி பெஞ்சமினுக்கு அப்போது 20 வயது. தீவிர மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டிருந்தது. இனி மீளவே முடியாது என்ற விரக்தியில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒரு பாலத்தில் நின்றார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நீல் லேபர்ன் என்ற இளைஞர் அவரைக் கவனித்தார். எல்லோரையும்போலக் கடந்துபோகாமல், நின்று பேசினார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ‘நீ குணமாகிவிடுவாய்’ என்று நம்பிக்கை கொடுத்தார். ‘வா, ஒரு காபி குடிக்கலாம்’ என்று கூப்பிட்டார். அந்தப் பேச்சு ஜானியின் உயிரைக் காப்பாற்றியது.

ஆறு ஆண்டுகள் கழித்து, தன்னைக் காப்பாற்றியவரை ஜானி தேட ஆரம்பித்தார். பெயர் தெரியாததால் ‘மைக்’ என்று தானே ஒரு பெயர் வைத்தார். ‘ரீதிங்க் மென்டல் இல்னஸ்’ என்ற தொண்டு அமைப்பு துணை நின்றது. சமூக வலைதளங்களில் செய்தி பரவ, இரண்டே வாரங்களில் நீல் கிடைத்துவிட்டார்!

2017 ஏப்ரல் 23. இருவரும் சேர்ந்து லண்டன் மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் ஓடினார்கள். மனநலத் தொண்டு அமைப்புகள் இணைந்த ‘ஹெட்ஸ் டுகெதர்’ இயக்கத்துக்காக ஓடிய ஓட்டம் அது. அந்த ஆண்டு லண்டன் மாரத்தானின் அதிகாரபூர்வத் தொண்டு அமைப்பே அந்த இயக்கம்தான். போட்டிக்குச் சில நாட்கள் முன்பு, இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான இளவரசர் ஹாரி ஒரு பேட்டியில் மனம் திறந்தார். 12 வயதில் அம்மா டயானாவை இழந்த துக்கத்தை ஏறக்குறைய 20 ஆண்டுகள் உள்ளேயே பூட்டி வைத்திருந்ததாகவும், பிறகு கவுன்சலிங் எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். அரண்மனைக்குள்ளும் அதே தயக்கம்தான் இருந்திருக்கிறது!

ஓட்டம் எப்படிப் பணமாகிறது?

பிரிட்டனில் இது பல ஆண்டுகளாக நடக்கிற வழக்கம். தொண்டு அமைப்பு மாரத்தானில் சில இடங்களை வாங்கி வைத்திருக்கும். ஓட விரும்புகிறவர், ‘இவ்வளவு தொகை திரட்டித் தருகிறேன்’ என்று உறுதி கொடுத்து அந்த இடத்தைப் பெறுவார். சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்களிடம், ‘நான் கஷ்டப்பட்டு ஓடப்போகிறேன். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று கேட்பார். சும்மா உண்டியல் நீட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. கேட்பவர் முதலில் தன் உடம்பைக் கொடுக்கிறார்.

நம் மொழி பேசும் மண்ணிலும் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2011 ஜூலையில் இலங்கையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள் தெற்கே தெய்வேந்திரமுனையில் நடக்கத் தொடங்கி, 27 நாட்களில் வடக்கே பருத்தித்துறையை அடைந்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களர். சுமார் 670 கிலோமீட்டர் நடை. யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைக்க நிதி திரட்டுவதுதான் நோக்கம். வழியெங்கும் மக்கள் கூடவே நடந்தார்கள், கொடுத்தார்கள்.

புற்றுநோய்க்காக நடக்க முடிகிறதென்றால், மனநோய்க்காக ஏன் முடியாது?

உதவி பக்கத்திலேயே இருக்கிறது

சென்னையின் மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் தொண்டு அமைப்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள், தெருவில் ஆதரவற்று நின்ற மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக ‘தி பேன்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் ‘அடைக்கலம்’ இல்லம் இருப்பது முகப்பேரில். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அண்ணாநகர் மேற்கு விரிவில் இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காக டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ 1986 முதல் இயங்குகிறது.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. பெங்களூரு நிமான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் ஏதாவது ஒரு மனநலப் பிரச்னையோடு இருப்பது தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சைக்கே போகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்த தீ விபத்தை மறக்க முடியுமா? சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகினார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால், ‘வெளியே தெரிந்தால் அவமானம்’ என்ற சங்கிலியைச் சட்டத்தால் அறுக்க முடியாது. அதைப் பேச்சுதான் அறுக்க வேண்டும்.

நீங்களும் தொடங்கலாமா?

தாராளமாக! 42 கிலோமீட்டர்தான் ஓட வேண்டும் என்றில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவும் உண்டு. போட்டியே வேண்டாம் என்றால், ஒரு மாதம் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பதையும் சவாலாக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கடினமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

* முதலில் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பணம் நேராக அவர்கள் கணக்குக்கே போகட்டும். 80ஜி வரிவிலக்கு ரசீது கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* 40 வயதைத் தாண்டியவர்கள், சுகர், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

* மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், ‘அதான் ஓடுறேனே’ என்று அதை நிறுத்தவே கூடாது. லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடலில் நீர்ச்சத்து குறைந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம். சென்னை வெயிலில் ஓடும் முன் டாக்டரிடம் அவசியம் பேசுங்கள்.

* ஏன் ஓடுகிறீர்கள் என்பதை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டே வரியில் எழுதுங்கள். அடுத்தவர் நோயை அவர் அனுமதியில்லாமல் எழுத வேண்டாம்.

* ஓட்டம் முடிந்த பிறகு ஒரு வெறுமை வரலாம். அது இயல்பு. அடுத்த வாரத்துக்கும் ஒரு நடைத் துணையைப் பிடித்து வையுங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்திக்கு நூறு, இருநூறு என்று பணம் வரும். ஆனால், என்றாவது ஒருநாள், பணத்தோடு இன்னொன்றும் வரும். ‘எனக்கும் கொஞ்ச நாளா தூக்கமே இல்லக்கா... யாரைப் பார்க்கணும்?’ என்று ஒரு தனிச்செய்தி. அப்படி ஒன்று வந்தால், அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். நீல் செய்ததைச் செய்யுங்கள். நின்று, கேளுங்கள். ‘வா, ஒரு காபி குடிக்கலாம்’ என்று கூப்பிடுங்கள்.

மனம் கனக்கிறதா? பேச ஆள் இருக்கிறது: டெலி மானஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, சினேகா 044-24640050.