மாரடைப்பின் பின் நடை

மாரடைப்பு நேர்ந்தவர் கட்டிலை விட்டு அசையலாகாது என்பது நெடுங்காலம் வைத்தியர்களின் துணிபாய் இருந்தது. 1912ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் இந்நோயின் குறிகளைத் தெளிவாக விளக்கியபோது, பூரண ஓய்வையே வற்புறுத்தினார். பின்வந்தோர் அவ்வோய்வை ஆறு வாரம் வரை நீட்டினர். புண்பட்ட இருதயத் தசை ஆறித் தழும்பாகும் வரை அதற்கு வேலை கொடுத்தல் தகாது என்பது அவர்கள் கண்ட நியாயம்.

நியாயம் நன்றே, விளைவோ வேறாயிற்று. நெடுநாட் கிடந்தோரின் கால் நாளங்களிலே குருதி உறைந்தது, தசை மெலிந்தது, மனமும் சோர்ந்தது. 1952இல் பொஸ்ரன் நகரத்து வைத்தியர்களான சாமுவேல் லெவின், பேர்ணாட் லவுண் ஆகிய இருவரும் நோயாளரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றிய அனுபவத்தை வெளியிட்டனர். பலர் அஞ்சிய தீங்கு நேரவில்லை. 1955இல் அமெரிக்க சனாதிபதி ஐசனோவர் மாரடைப்புக்குள்ளானார். அவரைப் பரிகரித்த போல் டட்லி வைட் நடையையும் தேகப்பயிற்சியையும் பெரிதும் போற்றியவர். அடுத்த ஆண்டே ஐசனோவர் தேர்தலில் மீண்டும் வென்றார்.

1966இல் டலஸ் நகரிலே திடகாத்திரமான இளைஞர் ஐவர் 20 நாள் படுக்கையில் வைத்துப் பரிசோதிக்கப்பட்டனர். அவர்தம் உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இளைஞர்க்கே இந்நிலையெனில், நோயாளர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நடத்தல், துவிச்சக்கரவண்டி மிதித்தல், நீந்துதல் ஆகியன பெருந்தசைகளை ஒரே சீராக நெடுநேரம் இயக்குவன. நாளடைவில் அத்தசைகள் குருதியிலிருந்து கூடுதலான ஒட்சிசனைப் பெறப் பழகும். அதனால், முன்செய்த அதே வேலைக்கு இருதயம் குறைந்த தடவையே துடித்தல் போதும். இருதயத்துக்கு ஊட்டமளிக்கும் முடியுரு நாடிகளிலே குருதி பெரிதும் பாய்வது, இருதயம் சுருங்காது விரிந்திருக்கும் இடைவேளையிலாம். துடிப்பு நிதானமாக, அவ்விடைவேளை நீளும். கட்டிலிலே தேடிய ஓய்வை இருதயம் நடையினாலேயே பெறுகின்றது.

ஆயினும் மருந்துக்கு அளவுண்டு. வைத்தியர் பரிசோதித்து வகுத்த அளவிலேயே தொடங்குதல் வேண்டும். முதலிற் சில நிமிடம். பின்னர் படிப்படியாக அரைமணி நேரம். தொடக்கமும் முடிவும் மெதுவாக அமைதல் நன்று. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கும். அதுவே நடுத்தர வேகத்தின் அடையாளம். நெஞ்சு நோதல், தலைசுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் தோன்றின் உடனே நிறுத்தி வைத்திய உதவி நாடுக.

வைத்தியசாலையினின்று வீடு திரும்பியவரை உறவினர் அன்பு மிகுதியாற் கதிரையிலேயே இருத்திவிடுவர். அவருக்கும் அச்சம், அவர்களுக்கும் அச்சம். வைத்தியர் அநுமதித்தபின் அவரைத் தடுத்துவையாது, உடன் நடந்துசெல்வதே அவ்வன்புக்குப் பொருத்தமான செயலாம்.