ஒபீலியாவின் அடிகளைத் தேடும் வழி

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தைச் சாதாரண உரைக்கோப்பாக வைத்துக்கொண்டு 'ஹாம்லெட்' என்று தேடினால், அப்பெயர் வரும் இடங்களையெல்லாம் கணினி ஒன்றுவிடாமல் காட்டிவிடும். ஆனால் இளவரசன் பேசத் தொடங்குவதைக் குறிக்கும் பெயர் எது, மேடைக் குறிப்பில் வருவது எது, பிறர் அவனை விளிப்பது எது என்று அதற்குத் தெரியாது. இறந்துபோன மன்னனின் பெயரும் ஹாம்லெட்தான் என்பதால் தந்தையும் மகனும்கூட அதில் கலந்துவிடுவர்.

உரையின் ஒவ்வொரு பகுதியும் இன்னது என்று பெயரிட்டுக் குறியிடும் முறை இங்கேதான் உதவுகிறது. 1987இல் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் என்ற கூட்டுமுயற்சி, நாடகம், அகராதி, கையெழுத்துச் சுவடி எனப் பலவகை நூல்களுக்கும் பொருந்தும் நெறிகளை வகுத்தது; இன்று அவை 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் பின்பற்றப்படுகின்றன. இம்முறையில் நாடகம் ஒரு மரமாகிறது: அங்கத்துக்குள் காட்சியும், காட்சிக்குள் பேச்சும், பேச்சுக்குள் பேசுபவரின் பெயரும் அடிகளும் அடங்கும்.

அம்மரத்தில் இறங்கித் தேடுவதற்கான வினவல் மொழி எக்ஸ்பாத்; இலக்கணம் பயின்றவருக்கு அந்நியமாகத் தோன்றாத சிறிய மொழி அது. அதில் ஒற்றைச் சாய்கோடு ஒரு படி இறங்குவதையும், இரட்டைச் சாய்கோடு எத்தனை படி ஆழத்திலும் தேடுவதையும், சதுர அடைப்பு நிபந்தனையையும் குறிக்கும். குறிகளின் பெயர்களைத் தமிழாக்கிச் சொன்னால், //பேச்சு[பேசுபவர்='ஒபீலியா']/அடி என்ற ஒரே வரி, ஒபீலியா பேசும் செய்யுளடிகளைத் திரட்டித் தரும். அவளுடைய உரைநடைப் பேச்சு வேறு குறிக்குள் இருப்பதால் இதில் சேராது. சித்தம் கலங்கிய நிலையில் அவள் பாடும் பாடல்களின் அடிகள், 'பாடற்பகுதி' போன்ற ஓர் இடைக்கிளைக்குள் வைக்கப்பட்டிருந்தால், இறுதியிலுள்ள ஒற்றைச் சாய்கோடு அவற்றைத் தொடாது. அதை இரட்டையாக்கினால் அவையும் வந்துசேரும். ஒரு சாய்கோட்டின் குறையால், அந்நாடகத்தின் மிகத் துயரமான பகுதி ஆய்வாளரின் கண்ணில் படாமலே போகக்கூடும்.

ஆகவே வினவல் எழுதுமுன், குறியிட்டவர் எதை எங்கே வைத்திருக்கிறார் என்று ஒரு காட்சியையேனும் திறந்து படிப்பது இன்றியமையாதது. குறியிடுதலும் ஒரு வாசிப்பே. ஒரு பெயர் தந்தையைச் சுட்டுகிறதா மகனையா என்று தனி அடையாளம் இட்டுப் பிரிப்பது, நாடகத்தைப் படித்து முடிவெடுக்கும் பதிப்பாசிரியரின் பணி. ஒருவர் தொடங்கிய அடியை மற்றொருவர் முடிக்கும் இடங்களில், அவ்வடி இரு பேச்சுகளுக்குள் பிளவுண்டு, முதற்பகுதி, இறுதிப்பகுதி என்ற அடையாளங்களுடன் நிற்கும். அவற்றைக் கவனியாமல் அடிகளை எண்ணினால் கணக்கு கூடுதலாகவே வரும்.