சொல் அரபு, இலக்கணம் தமிழ்: எமது பெயர்களும் ஊர்ப்பெயர்களும்

எமது வகுப்பு இடாப்பை அரபு நாட்டவர் ஒருவர் பார்த்தால் இரண்டு விடயங்களில் தடுமாறுவார். முதலாவது, பாதிக்கு மேற்பட்டோரின் பெயரில் ‘பாத்திமா’ இருக்கின்றது. இரண்டாவது, பெண்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் ஓர் ஆணின் பெயருடன் ஆரம்பிக்கின்றன. ‘முஹம்மது இஸ்மாயில் பாத்திமா ஸுஹைரா’ என்ற பெயரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். (இது நானாகச் சேர்த்த பெயர்.) ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் பழக்கமானதே. ஆனால் இது ஒருவரின் பெயரா, இருவரின் பெயரா என்று அவர் கேட்கக்கூடும். நாமோ இதைப் பார்த்தவுடனேயே வாப்பா முஹம்மது இஸ்மாயில், மகள் பாத்திமா ஸுஹைரா, கூப்பிடும் பெயர் ஸுஹைரா என்று பிரித்துக்கொள்கின்றோம். யாரும் எமக்குக் கற்றுத் தராத இந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது?

அரபு வழக்கில் தன் பெயர் முன்னும் தந்தை பெயர் பின்னும் வரும். ‘ஸுஹைரா பின்த் இஸ்மாயில்’ என்றால் இஸ்மாயிலின் மகள் ஸுஹைரா. தமிழில் இந்த ஒழுங்கு அப்படியே தலைகீழாகின்றது. ‘இஸ்மாயிலின் மகள் ஸுஹைரா’ என்றுதான் நாம் பேசுகின்றோம். உரியவரை முன்னே சொல்லி உரியதைப் பின்னே சொல்வது தமிழின் இயல்பு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னே வைக்கும் தமிழர் வழக்கமும் இதுதான். ஆகவே எமது பெயர்களில் சொற்கள் அரபாக இருந்தாலும் அவற்றைக் கோத்திருக்கும் இலக்கணம் தமிழாகும்.

எமது சமூகத்தின் பெரியார்களின் பெயர்களையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். கல்விமான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் முழுப்பெயர் அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ். முதலில் நிற்கும் அபூபக்கர் அவருடைய தந்தை. எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முதலிரண்டு எழுத்துகளும் தந்தையாகிய முஹம்மது ஹுஸைனைக் குறிப்பவை. மூன்றாவதாக வரும் முஹம்மதுதான் அவருடையது. மலாய் சமூகத்தவரான ரி.பி. ஜாயா அவர்களின் ‘ரி’ மட்டும் வேறு வகை. அது ‘துவான்’. ஐயா, பெருமகன் என்ற பொருளில் மலாய் ஆண்களின் பெயர்முன் வரும் மரியாதைச் சொல் அது.

இந்த ஒழுங்கு தெரியாதவர்கள் படிவங்களைத் தயாரிக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. கடைசிச் சொல்லை அதில் எழுதினால் ஸுஹைரா குடும்பப் பெயராகிவிடுகின்றது. அவளது தம்பி ரிஸ்வானுக்கு ரிஸ்வானே குடும்பப் பெயர். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரும் கடிதத்தில் இரண்டு குடும்பத்தவராகின்றனர். எழுத்துக்கூட்டலும் இன்னொரு தொல்லை. முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்துவிட்டால், சமாதான நீதவானிடம் சென்று இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியதுதான்.

இனி ஒலியைப் பார்ப்போம். எமது மூத்தம்மாமார் காலத்தில் ‘பாத்தும்மா’, ‘கதீசா’, ‘அசன்’, ‘உதுமான்’ என்றே பெயர்கள் வழங்கின. இவற்றைப் படிக்காதவர்களின் பிழையான உச்சரிப்பு என்று சிலர் நினைக்கின்றார்கள். உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாகக் கற்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். வடமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது தமிழ் எழுத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வதை நன்னூலில் தற்பவம் என்று படிக்கின்றோம். ராமன் இராமன் ஆனது போலவே ரஸூல் இறசூல் ஆனது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தை ஐயாயிரத்துக்கும் அதிகமான விருத்தங்களில் பாடியபோது அரபுப் பெயர்களை இவ்வாறு தமிழ் யாப்பினுள் அமர்த்தினார். எமது நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று கருதப்படும் அறிஞர் சித்தி லெப்பையின் நூல் 1885இல் வெளிவந்தது. அந்நூலின் பெயர் ‘அசன்பே சரித்திரம்’. ஹஸன் என்று எழுதத் தெரியாமலா அரபும் ஆங்கிலமும் அறிந்த அவர் அசன் என்று எழுதினார்? அசன் என்பது அன்றைய தமிழ் முஸ்லிமின் நாவில் இயல்பாக வந்த வடிவம்.

சித்தி லெப்பையின் பெயரிலுள்ள ‘லெப்பை’யும் கவனிக்கத்தக்கது. எமது கிழக்குப் பகுதியில் லெப்பை என்றால் ஓதிக்கொடுப்பவர், மார்க்கச் சடங்குகளை நடத்திவைப்பவர். ‘லப்பைக்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து இது வந்தது என்பாரும், ‘அரபி’ என்பதே திரிந்தது என்பாரும் உளர். ‘மரைக்கார்’ என்பதை மரக்கலத்துடன் தொடர்புபடுத்துவர். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லையும் சிலர் காட்டுவர். எப்படியாயினும் கடலோடு தொடர்புடைய பெயர் அது. பிற்காலத்தில் அது பள்ளிவாசல் நிர்வாகியின் பதவிப் பெயராகவும் ஆயிற்று. ‘அலியார்’ என்ற பெயரை எடுத்துப் பாருங்கள். அலி என்ற அரபுப் பெயருடன் தமிழின் மரியாதை விகுதியாகிய ‘ஆர்’ சேர்ந்திருக்கின்றது. நாயனார், ஆழ்வார், ஔவையார் என்று தமிழ் தன் பெரியோருக்குத் தந்த அதே மரியாதையை அலி (ரழி) அவர்களுக்கும் தந்திருக்கின்றது.

பெண்களின் பெயர்களில் இந்தக் கலப்பு இன்னும் அழகாகத் தெரியும். ‘உம்மா’ என்பது தாயைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘உம்மு’வுடன் சேர்ந்து நிற்பது. தமிழ் ‘அம்மா’வும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றது. ‘நாச்சியா’ முழுக்கத் தமிழ்ச் சொல். நாச்சியார் என்றால் தலைவி. ‘பீவி’ பாரசீகத்திலிருந்து வந்தது. ஆகவே மரியம் நாச்சியா, மரியம் பீவி, மரியம் உம்மா ஆகிய மூன்று பெயர்களும் மரியம் என்ற ஒரு பெயருக்கு மூன்று மொழிகள் கொடுத்த மரியாதைகள்.

என் மூத்தம்மாவின் பெயர் மீரா உம்மா. அண்மையில் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தபோது அந்தப் பெயரை வைக்கலாமா என்று உம்மா கேட்டார். “மீரா இந்துப் பெயர் அல்லவா, முஸ்லிம் பிள்ளைக்கு வைக்கலாமா?” என்று உறவினர் ஒருவர் சொல்ல, பேச்சு அத்துடன் முடிந்தது. மூத்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுபது வருடங்களாகத் தொழுது நோன்பு பிடித்த ஒருவரின் பெயர் அவர் முன்னிலையிலேயே முஸ்லிம் பெயர் இல்லை என்றாகிவிட்டது. இக்கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

எமது மீரா கண்ணனைப் பாடிய மீராபாய் அல்ல. தலைவரைக் குறிக்கும் ‘அமீர்’ என்ற அரபுச் சொல் பாரசீகத்தில் ‘மீர்’ எனக் குறுகியது. அதிலிருந்து வந்தது ‘மீரான்’. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வை மீரான் ஸாஹிபு என்று அழைப்பது வழக்கம். அவர்மீது கொண்ட அன்பினால் கடலோர முஸ்லிம்கள் மீரா லெப்பை, மீரா ஸாஹிபு, மீரா உம்மா என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியில் அவர் பெயரால் வருடந்தோறும் கொடியேற்றம் நடைபெறுகின்றது. இதேபோல ‘முஹைதீன்’ என்பது பக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர். மார்க்கத்தை உயிர்ப்பித்தவர் என்பது அதன் பொருள். இவ்வகை வழக்கங்கள் பற்றி இன்று எம்மிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு. அந்த விவாதம் வேறு. ஆனால் அப்பெயர்களின் பிறப்பிடம் எது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

அப்படியானால் இஸ்லாமியப் பெயர் என்பது என்ன? நபி (ஸல்) அவர்கள் சிலரின் பெயர்களை மாற்றியிருக்கின்றார்கள். உமர் (ரழி) அவர்களின் மகள் ஒருவருக்கு ‘மாறு செய்பவள்’ என்று பொருள்படும் ‘ஆஸியா’ என்ற பெயர் இருந்தது. அதை ‘ஜமீலா’ என்று மாற்றினார்கள். (பிர்அவ்னின் மனைவியான ஆஸியாவின் பெயர் வேறு அரபுச் சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. ஆகவே அப்பெயருடைய தோழியர் கவலைப்பட வேண்டியதில்லை.) தன்னைத் தானே புகழ்வதுபோல் இருந்ததால் ‘பர்ரா’ என்ற பெயர் ‘ஸைனப்’ ஆயிற்று. யத்ரிப் என்ற ஊரும் மதீனா ஆனது. ஆனால் உமர், பிலால், கதீஜா ஆகிய பெயர்கள் இஸ்லாத்துக்கு முன்பே வைக்கப்பட்டவை. அவை மாற்றப்படவில்லை. அதாவது அங்கே பார்க்கப்பட்டது பெயரின் பொருளேயன்றி அதன் பழைமையல்ல. தலைவி என்று பொருள்படும் நாச்சியாவிலோ, அமீரிலிருந்து வந்த மீராவிலோ என்ன தீய பொருள் இருக்கின்றது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய பெயர்களைத் தமிழ்ப்பெயர் என்று தள்ளிவைக்கும் நாம், வாப்பாவின் பெயரில் ஓர் எழுத்தும் உம்மாவின் பெயரில் ஓர் எழுத்தும் எடுத்து, எந்த மொழி அகராதியிலும் இல்லாத பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கின்றோம். ஓசை இனிமையாக இருந்தால் போதும் என்கின்றோம். அரபுப் பெயர்களைக்கூட முழுமையாகக் கூப்பிடுவதில்லை. ‘அப்துல்’ என்பது அடிமை என்ற சொல்லோடு அடுத்த சொல்லின் தொடக்கம் ஒட்டி நிற்கும் பாதிப் பெயர். ‘அப்துல் காதர்’ என்று முடித்தால்தான் வல்லமையுள்ளவனின் அடிமை என்ற பொருள் கிடைக்கும்.

ஆட்களின் பெயர்களை மாற்றுவது எளிது. ஊர்ப்பெயர்கள் அவ்வளவு இலேசில் மாறுவதில்லை. ஆகவே எமது கதையை அவை இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. மருதமரம் நின்ற முனை மருதமுனை. சாய்ந்து நின்ற மருதமரத்தால் சாய்ந்தமருது. சேனைப் பயிருக்குக் காவலிருக்கக் கட்டிய அட்டாளை அட்டாளைச்சேனையில் இருக்கின்றது. அக்கரையிலிருந்த பற்று அக்கரைப்பற்று. பற்று என்பது பழைய ஆட்சிப் பிரிவு. மூதூர் என்றால் பழைமையான ஊர். முஸ்லிம்கள் செறிந்து வாழும் இவ்வூர்களின் பெயர்கள் மரமும் வயலும் கரையுமாகவே இருக்கின்றன. இம்மண்ணிலேயே உழுது விதைத்த மக்களின் வாயிலிருந்துதான் இப்படியான பெயர்கள் நிலைக்க முடியும்.

கடலும் ஊர்ப்பெயர்களில் இருக்கின்றது. சம்மாந்துறையைச் சம்பான் என்னும் தோணிகள் வந்து நின்ற துறை என்று விளக்குவர். தெற்கே அம்பாந்தோட்டைக்கும் இதே விளக்கம்தான். சிங்களத்தில் ‘தொட்ட’ என்பது தமிழில் துறை. பேருவளை என்பதைப் பாய் இறக்கிய இடம் என்று சிங்களச் சொற்களைக் கொண்டு விளக்குவர். உப்பு விளையும் புத்தளத்தை உப்புத்தளம் என்பதன் திரிபாகக் கூறுவாரும் உளர். 1344இல் இப்னு பதூதா என்ற மொரோக்கோ நாட்டுப் பயணி இலங்கையில் வந்திறங்கியது இந்தப் புத்தளத்தில்தான்.

ஊர்ப்பெயர்களில் வரும் ‘குடி’ என்ற சொல்லுக்குக் கிழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. காத்தான்குடி, கல்முனைக்குடி என்னும்போது அது குடியிருப்பு. “நீங்கள் என்ன குடி?” என்று மூத்தவர்கள் கேட்கும்போது அது வம்சம். இந்தக் குடி தாய்வழியாக வருவது. உம்மாவின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் திருமணம் செய்வதைத் தவிர்த்து வந்தார்கள். ஒவ்வொரு குடியின் சார்பிலும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருந்தார். ஆக, தலைப்பெழுத்தில் வாப்பாவின் பெயரும் குடியில் உம்மாவின் பெயர்வழியும் என்று இரண்டையும் எமது மூத்தவர்கள் பேணிவந்திருக்கின்றார்கள்.

இவற்றில் தலைப்பெழுத்து காகிதத்தில் ஏறியது. குடி ஏறவில்லை. எமது வயதினரின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டனாரின் பெயர், அவர் பிறந்த வருடம், பிறந்த இடம் என்பவற்றுக்குக் கட்டம் இருக்கின்றது. உம்மாவின் உம்மாவுக்கு ஒரு கட்டமும் இல்லை. அவருடைய பெயர் அவரை அறிந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றது. பிள்ளைகளுக்கும் அதை வைக்காமல் விட்டால் இரண்டு தலைமுறைக்குள் மறைந்துவிடும்.

ஆகவே தோழியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஓர் அப்பியாசக் கொப்பியில் மூன்று நிரல் கீறிக்கொள்ளுங்கள். பதிந்த பெயர், கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர். உம்மாவில் தொடங்கி மூத்தம்மா, அவரின் உம்மா என்று மேலே போங்கள். தெரிந்தவர்களிடம் குடியையும் கேட்டு எழுதுங்கள். நான் என் மூத்தம்மாவிடம் கேட்டபோது தாய்வழியில் ஐந்து பெயர்கள் கிடைத்தன. அவற்றுள் இரண்டு நாச்சியா, இரண்டு உம்மா. ஒருவருக்கு ‘சின்னப்பிள்ளை’ என்ற கூப்பிட்ட பெயர் மட்டுமே எஞ்சியிருந்தது. பதிந்த பெயர் மூத்தம்மாவுக்கும் நினைவில்லை. அந்த நிரலில் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கின்றேன்.