தந்தையா, பிதாவா?



இம்மாதத் தொடக்கத்தில் நம் ஊரில் ஒரு துக்க வீட்டிற்குச் செபிக்கச் சென்றிருந்தேன். இறந்த தாய் நம் பங்கைச் சேர்ந்தவர். மருமகளோ லுத்தரன் சபையில் பிறந்தவர். அவருடைய உறவினர்களும் வந்திருந்தார்கள். ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைத் தொடங்கினோம். நாம் ‘தந்தை’ என்றோம், அவர்கள் ‘பிதா’ என்றார்கள். குரல்கள் ஒன்றோடொன்று முட்டின. நாம் ஆமென் சொல்லி நிறுத்திவிட்டோம். அவர்கள் இறைவனின் ஆட்சியையும் மாட்சியையும் புகழும் கடைசி வரியைச் சொல்லத் தொடங்கி, நம் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றுவிட்டார்கள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் புகழுரை நமக்கு அந்நியமா? திருப்பலியில் இதே செபத்துக்குப் பின் குரு ஒரு மன்றாட்டைச் சொன்னதும் நாம் எல்லாரும் அதைத்தானே சொல்கிறோம்! அன்று எனக்கே அது நினைவுக்கு வரவில்லை.

சொற்களுக்காக நம் முன்னோர் மோதிக்கொண்டது உண்டு. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிக்கப்பட்டது. அந்தத் தமிழ் நடையை நம் வீரமாமுனிவர் கேலி செய்தார். லுத்தரன் சபையாரை மறுத்து ‘லுத்தேரினத்தியல்பு’ என்று ஒரு நூலும் எழுதினார். தேம்பாவணி தந்த அந்தப் பெரியவர்மீது எனக்கு மிகுந்த பக்தி. ஆனாலும் இந்தப் பகுதி வரும்போது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

அதே நற்செய்தி நூல்களை மொழிபெயர்க்க இரு தரப்பாரும் பிற்பாடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1968-இல் உரோமையும் ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் கூட்டு மொழிபெயர்ப்புக்கு நெறிமுறைகளை வகுத்தன. எந்த மூலபாடம், பெயர்களை எப்படி எழுதுவது, அடிக்குறிப்பில் எதைச் சொல்லலாம் என்றெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்தார்கள். அன்பு இருந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடவில்லை. அதன் பலன்தான் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, நம் கையிலுள்ள திருவிவிலியம். நமக்கு அருகில் உள்ள திண்டிவனத்து விவிலிய நடுநிலையத்துக்கும் இந்திய வேதாகமச் சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு.

அதைத் திறந்து பாருங்கள். தோபித்து, யூதித்து, மக்கபேயர் ஆகிய நூல்கள் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே ‘இணைத் திருமுறை’ என்று தனியே நிற்கும். நாம் அவற்றை இறைவார்த்தை என ஏற்கிறோம். அவர்கள் அவ்வாறு ஏற்பதில்லை. அந்த வேறுபாட்டை மறைக்கவும் இல்லை, அதற்காக எழுந்து போகவும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பொது மொழிபெயர்ப்பு பெரும்பாலும் நம் ஆலயங்களில்தான் வாசிக்கப்படுகிறது. அவர்களுடைய பிரசங்க மேடைகளில் இன்னும் 1871-இல் வந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்புதான். குறை சொல்லாதீர்கள். ‘சர்வேசுரனை’யும் ‘இஸ்பிரீத்து சாந்து’வையும் விட நம் பாட்டிமார் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார்கள்!

வரும் வாரம் அந்த வீட்டில் முப்பதாம் நாள் செபம். மருமகளின் சபைப் போதகரையும் அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசி வரியை இந்த முறை நாமும் சேர்ந்து சொல்வோம். வாசகத்தை மருமகளே வாசிப்பார், தன் பழைய வேதாகமத்திலிருந்து.