திரையிலே தோன்றும் வீடு: வீட்டு வடிவமைப்பு மென்பொருள்களிற் காட்சிப் பிழைகளும் அமைப்புத் தெரிவுகளும்

வீடு கட்டுவோர் அதனை இரு தடவை கட்டுகின்றனர். முதலிற் கட்டப்படுவது படம். அடுத்துக் கட்டப்படுவதே கல்லும் சீமெந்துமாகிய வீடு. நெடுங்காலமாகப் படவரைஞரின் மேசையில் நிகழ்ந்துவந்த முதலாவது வேலை, கடந்த சில தசாப்தங்களிற் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளது. 1963இல் ஐவன் சதலண்ட் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக உருவாக்கிய 'ஸ்கெச்பாட்' திரையில் நேரடியாகக் கோடு வரைதல் சாத்தியம் எனக் காட்டியது. 1982இல் வெளிவந்த 'ஓட்டோகாட்' அவ்வேலையை மேசைக் கணினிக்குக் கொணர்ந்தது. இன்று தொழிற்பயிற்சி அற்றவர்களும் தமது வீட்டைத் தாமே வரைந்து, அதனுள் உலாவிப் பார்ப்பதற்கு உதவும் மென்பொருள்கள் பல உள்ளன.

இப்பரவலாக்கம் வரவேற்கத்தக்கது. ஆயினும், படவரைஞரின் கருவி எளிதிற் கைமாறிய அளவுக்கு அவரது பயிற்சி கைமாறவில்லை. திரையிற் சுவர் மறைந்தாலோ படம் கறுத்துப் போனாலோ, மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுவதே பலரும் மேற்கொள்ளும் பரிகாரமாகும். அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஏன் பயன்படுவதில்லை என்பதை விளக்குவதும், பிழையே அற்றதுபோலத் தோன்றும் படத்தினுள் உறையும் பிழையை இனங்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது 'சுவீற் ஹோம் 3டி' என்னும் மென்பொருள். பிரான்சைச் சேர்ந்த எமானுவேல் புயிபாரே ஜாவா மொழியில் உருவாக்கி, 2006 முதல் வெளியிட்டுவரும் இம்மென்பொருள், குனூ பொது உரிமத்தின் கீழ் மூலநிரலுடன் இலவசமாகக் கிடைப்பது. ஈண்டுக் கூறப்படுபவற்றை எவரும் தாமே சோதித்துப் பார்க்கலாம் என்பதே இத்தெரிவுக்குக் காரணம்.

பிழையின் இருப்பிடம்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் இதனையொத்த பிரச்சினையை நன்கறிவர். 1887இற் கலித்தொகையை அச்சிலே கொணர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், பொருந்தாச் சொல் ஒன்றைக் கண்டவிடத்து, அது நூலாசிரியர் எழுதியதா, ஏடெழுதினோர் கைவழுவா, வாசிப்போர் மயக்கமா என வினவ வேண்டியிருந்தது. தோற்றம் ஒன்றாயினும் காரணங்கள் மூன்று. காரணத்துக்கேற்பவே பரிகாரமும் அமையும். ஏட்டை ஏட்டுடன் ஒப்பிடுதலே அவர்களுக்கிருந்த வழி.

வீட்டு வடிவமைப்பு மென்பொருளிலும் மூன்று படிநிலைகளை வேறுபடுத்திக் காணல் வேண்டும். முதலாவது, தரவு. கணினியிற் சேமிக்கப்படுவது வீட்டின் படமன்று. சுவரின் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, தடிப்பு, உயரம் முதலிய எண்களே சேமிக்கப்படுகின்றன. இரண்டாவது, வரைவு. அவ்வெண்களிலிருந்து கணினியின் வரைவியல் அட்டை கணத்துக்குக் கணம் படத்தைப் புதிதாக வரைகிறது. மூன்றாவது, அமைப்பு. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எங்கிருந்து நோக்குவது, எந்த அலகிற் கூறுவது என்பன இதனுள் அடங்கும். மென்பொருளை மீள நிறுவுவதால் தரவு திருந்தாது. வரைவியல் அட்டையும் மாறாது. சேமிக்கப்பட்ட அமைப்புகளும் பெரும்பாலும் முன்போலவே எஞ்சும்.

மேற்படி மென்பொருளின் சாளரம் ஒப்பீட்டுக்கு வசதியானது. மேற்பகுதியில் தளப்படமும் கீழ்ப்பகுதியில் முப்பரிமாணப் படமும் அருகருகே உள்ளன. இரண்டுமே ஒரே தரவின் வெளிப்பாடுகள். தளப்படத்திற் சரியாயிருப்பது முப்பரிமாணத்திற் பிழைத்தால், ஐயம் வரைவின்மீதோ அமைப்பின்மீதோ விழ வேண்டும். ஒரேயொரு சுவரைக் கொண்ட புதிய கோப்பொன்றைத் திறந்து பார்த்தல் அடுத்த படி. அதுவும் பிழையாகத் தோன்றின் வரைவிற் குறையுண்டு. அது சரியாகத் தோன்றின், குறை பழைய கோப்பிலேயே உள்ளது. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை விதியாகும்.

வரைவிலே தோன்றும் பிழைகள்

முப்பரிமாணப் பகுதி வெறுமையாகக் கிடத்தல், நிறங்கள் சிதறல், மென்பொருள் தொடங்கியவுடன் நின்றுவிடல் ஆகியன பெரும்பாலும் 'இயக்கி' எனப்படும் இடைமென்பொருளின் குறையால் நிகழ்வன. வரைவியல் அட்டைக்கும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது இவ்வியக்கியே. அட்டையையோ கணினியையோ தயாரித்தோர் வெளியிட்ட புதிய இயக்கியை நிறுவுவது முதற் பரிகாரம். மடிக்கணினிகள் பலவற்றில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் சில்லொன்றும் ஆற்றல் மிக்க சில்லொன்றும் உள்ளன. எச்சில்லைப் பயன்படுத்துவது என்பதை இயக்கமுறைமையின் அமைப்பில் மாற்றிப் பார்க்கலாம். இவை பயன்தராவிடின், தொடக்கக் கட்டளையிற் சேர்க்கத்தக்க தெரிவுகள் இரண்டு உள்ளன. ஒன்று, படத்தைத் திரைக்குப் புறம்பே நினைவகத்தில் வரைந்து, முடிந்த பின் திரைக்கு அனுப்பச் செய்வது. மற்றது, முப்பரிமாணப் பகுதியின்றித் தளப்படத்துடன் மாத்திரம் மென்பொருளைத் தொடக்குவது. பின்னையது பரிகாரமன்று, ஆயினும் குறை எங்கே உள்ளது என்பதை ஐயந்திரிபற உணர்த்துவது.

தரையோ சுவரோ மினுங்கி மினுங்கித் தோன்றுவதற்குக் காரணம் வேறு. இரு பரப்புகள் ஒரே தளத்தில் ஒன்றன்மீதொன்று கிடக்கும்போது, எது முன்னே உள்ளது எனக் கணினியால் தீர்மானிக்க இயலாது. ஆழத்தை அளக்கும் எண்ணின் நுண்மை வரையறைக்குட்பட்டது. எனவே, நோக்குமிடம் சிறிது மாறும்போதெல்லாம் தீர்ப்பும் மாறுகிறது. ஒரு பரப்பைச் சில மில்லிமீற்றர் உயர்த்தினாற் போதும்.

அமைப்பிலும் தரவிலும் தோன்றும் பிழைகள்

மறைந்த பொருளெல்லாம் அழிந்த பொருளன்று. தளபாடப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் காட்டுக அல்லது மறைக்க என்னும் குறியுண்டு. மாடிகள் பல உள்ள வீட்டில், தெரிந்தெடுத்த மாடியை மட்டும் காட்டும் தெரிவு இயங்கிக்கொண்டிருக்கலாம். சுவரின் ஒளிபுகுதன்மை கூட்டப்பட்டிருப்பின் சுவர் கண்ணாடிபோலாகும். பொருளின் தரைமட்ட உயரம் தவறாகக் குறிக்கப்பட்டிருப்பின், அது கூரைக்கு மேலேயோ தரைக்குக் கீழேயோ இருக்கும். மறைப்பு, மாடி, ஒளிபுகுதன்மை, உயரம் என்னும் ஒழுங்கிற் சோதிப்பின் காணாமற்போன பொருள்களுட் பெரும்பாலானவை அகப்படும்.

வெளியிலிருந்து இறக்குமதி செய்யும் தளபாடங்களில் வரும் பிழைகள் தரவுக்குரியன. பரவலாக வழங்கும் 'ஓபிஜே' வகைக் கோப்பு வடிவங்களை எண்களாற் குறிக்கிறதேயன்றி அவ்வெண்கள் எந்த அலகுக்குரியன எனக் கூறுவதில்லை. அங்குலத்தில் வரைந்ததைச் சதமமீற்றராக வாசிப்பின் கதிரை ஏறத்தாழ ஐந்திலிரண்டாகச் சுருங்கும். இறக்குமதியின்போது அகலம், ஆழம், உயரம் ஆகியவற்றை அளந்து இடுதலே வழி. மேற்பரப்புப் படங்கள் தனிக் கோப்புகளில் இருப்பதால், அவற்றையும் வடிவக் கோப்புடன் ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டாவிடின் பொருள் நிறமிழந்து தோன்றும். பரப்பொன்று ஒரு பக்கத்தில் மாத்திரம் தெரியுமாயின், அதன் பின்புறத்தையும் காட்டும் தெரிவை இயக்க வேண்டும்.

பழைய தளப்படமொன்றை வருடி எடுத்து அதன்மீது வரைவோர் மிகுந்த அவதானம் செலுத்தல் வேண்டும். படத்தில் ஒரு கோட்டைக் குறித்து அதன் உண்மை நீளத்தைக் கூறுமாறு மென்பொருள் கேட்கும். 90 சதமமீற்றர் அகலமுள்ள கதவைக் கொண்டு அளவிட்டு, அதில் 1 சதமமீற்றர் பிசகினால், 12 மீற்றர் நீளமுள்ள வீட்டில் அப்பிசகு 13 சதமமீற்றராக வளரும். கிடைக்கும் அளவுகளுள் மிக நீண்டதையே தெரிதல் வேண்டும்.

பிழையாகத் தோன்றாத பிழை

இதுவரை கூறியவை கண்ணுக்குப் புலப்படும் பிழைகள். அவை எரிச்சலூட்டினும் அதிகம் தீங்கு செய்வதில்லை. கறுத்துப்போன திரையைப் பார்த்து எவரும் அத்திவாரம் வெட்டுவதில்லை. நேர்த்தியாகத் தோன்றும் படமே மேசனின் கைக்குச் செல்கிறது. அப்படத்தினுள் பயனர் தீர்மானிக்காத தீர்மானங்கள் பல உள்ளன. பயனர் எதனையும் தெரியாதவிடத்து மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் அளவை முன்னமைவு எனலாம். முன்னமைவு இயற்கையன்று. எங்கோ ஓரிடத்துக் கட்டட வழக்கும் யாரோ ஒருவரது வசதியும் எண்ணாக உறைந்திருக்கும் நிலையே அது.

இம்மென்பொருளிற் புதிய சுவரின் முன்னமைந்த தடிப்பு 7.5 சதமமீற்றர். அது மெல்லிய உட்பிரிப்புச் சுவருக்குப் பொருந்துவது. நமது நாட்டின் ஒன்பதங்குலச் செங்கற் சுவரோ ஏறத்தாழ 22.5 சதமமீற்றர். சுவர்களின் நடுக்கோடுகளுக்கிடையே 1 மீற்றர் விட்டு நடைபாதையொன்றை வரைந்தால், திரையில் அதன் அகலம் 92.5 சதமமீற்றராகும். ஒன்பதங்குலச் சுவரிற் கட்டும்போது எஞ்சுவது 77.5, சாந்து பூசிய பின் அதனிலும் குறையும். சக்கர நாற்காலி அதனூடே நேராகச் சென்றாலும் பக்கத்து அறைக்குத் திரும்ப மாட்டாது. வீட்டில் முதியவரொருவர் இருப்பின், அந்த 15 சதமமீற்றர் அவர் எத்தனை அறைகளுக்குச் செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

வீட்டினுள் உலாவும் கற்பனை மனிதரின் கண்மட்டம் 170 சதமமீற்றராக முன்னமைந்துள்ளது. இது நெடிய ஆணொருவரது கண். கட்டடக் கலையில் இத்தகைய உடல் புதியதன்று. 1940களில் லெ கோர்பூசியே வகுத்த 'மொடுலோர்' அளவுமுறை 1.75 மீற்றர் உயர ஆணுடலிலே தொடங்கி, பின்னர் 6 அடிக்கு உயர்த்தப்பட்டது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் வனப்புமிக்க ஆடவர் ஆறடி உயரத்தினர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று! சமையலறை மேடையையும் யன்னலின் அடிவிளிம்பையும் அவ்வுயரத்திலிருந்து நோக்குவோருக்கு, அங்கு நாள்தோறும் உழைக்கும் பெண்ணின் கண்ணுக்கு எது தெரியும், கைக்கு எது எட்டும் என்பது புலப்படாது. கண்மட்டத்தை 145 ஆகவும், அமர்ந்திருப்போருக்காக 120 ஆகவும் மாற்றி மீண்டும் உலாவுதல் சில நிமிட வேலையே. காட்சிக் கோணமும் கவனிக்கத்தக்கது. அதனை விரிக்க விரிக்க அறை பெரிதாகத் தோன்றும். அறையின் அளவு மாறுவதில்லை.

வெளிச்சமும் இவ்வாறானதே. உயர்தரப் படங்களில் ஞாயிற்றின் நிலை, திசைகாட்டியிற் குறித்த இடத்தையும் திகதியையும் நேரத்தையும் கொண்டு கணிக்கப்படுகிறது. இடத்தைப் பயனர் குறியாவிடின் கணினியின் நேர வலயத்திலிருந்து மென்பொருள் ஊகிக்கும். பாரிசில் நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுவதும் தெற்கே நிற்கும். இலங்கையிலோ ஏப்பிரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ற் பிற்பகுதி வரை அது வடக்கே நிற்கும். நேர வலயம் பிழைத்த கணினியில், அல்லது திசைகாட்டியின் வடக்கைக் காணியின் வடக்குடன் பொருத்தாத படத்தில், நிழல் விழும் எனக் கருதிய வடக்கு யன்னல் வைகாசி வெயிலை நேரே உள்வாங்கும்.

முடிவுரை

எனவே, படத்தைக் கட்டுவோர் கையில் ஒப்படைக்குமுன் நான்கு அமைப்புகளைப் பரிசோதித்தல் அவசியம்: சுவரின் தடிப்பு, அலகு, திசையும் இடமும், கண்மட்டம். அதன்பின் அறைகளின் உள்ளளவுகளைத் தளப்படத்தில் எண்ணாற் குறித்தல் வேண்டும். மேசன் கட்டுவது நிறத்தையும் நிழலையும் கொண்டன்று; எண்ணைக் கொண்டே. அவ்வெண்களை அவருடன் இருந்து வாசிப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதியே. அவரது அனுபவம் எம்மென்பொருளிலும் முன்னமைக்கப்படவில்லை.

மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளில் முன்னமைவுகளை வாசித்தறியலாம் என்பது உண்மை. ஆயினும் வாசிக்கக் கூடியது என்பதாலேயே அது வாசிக்கப்படுவதில்லை. திரையிற் சுவரை நகர்த்துவதற்குச் செலவில்லை. கட்டிய சுவரை இடித்துக் கட்டும்போது, செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. மேசனின் உழைப்பும் ஒரே வேலைக்கு இருமுறை செலவாகிறது. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் செலவாகும் நேரத்தை இதனுடன் ஒப்பிட்டே மதிப்பிடல் வேண்டும்.