தூக்குக் கட்டும் தொழுகையும்



காலி வீதியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தவர், பந்து விளையாடித் தோள்மூட்டு விலகியவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் எனக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஜும்ஆவுக்கு வருவோரைப் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் காண்கிறோம். இவர்களுள் சிலர், கை கட்டுண்டிருக்கையில் வுழூ எங்ஙனம் என்று கூறி ஐவேளைத் தொழுகையை வாரக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். வேறு சிலரோ, வைத்தியர் கழற்றலாகாது என்ற கட்டையும் பேணுதலின் பெயரால் அவிழ்த்து, பொருந்தி வரும் எலும்பை மீண்டும் விலகச் செய்கின்றனர்.

பின்னையவர் செயலும் மார்க்கமன்று. பயணமொன்றில் கல் பட்டுத் தலை காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. சலுகை இல்லை என்று தோழர்கள் கூறவே, குளித்து மரணமடைந்தார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புக் கூறியோரை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதவர் கேட்டறிந்திருக்க வேண்டும் என்றார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள சம்பவம் இது.

இங்கு ஒன்றைப் பிரித்தறிதல் அவசியம். பிளாஸ்டர் வேறு, தூக்குக் கட்டு வேறு. ஸ்லிங் என்று நாம் அழைக்கும் தூக்குக் கட்டு, கையின் பாரம் தோளை இழுக்காதவாறு தாங்கும் துணி மாத்திரமே. வுழூவில் கழுவ வேண்டிய கைப்பகுதியோ விரல் நுனி முதல் முழங்கை வரை. ஆகவே, காறை எலும்பு முறிந்தவருக்கும் தோளில் சிகிச்சை பெற்றவருக்கும் அப்பகுதி பெரும்பாலும் காயமற்றே இருக்கும். வைத்தியர் அனுமதித்தால் துணியைத் தளர்த்தி, முழங்கையை உடலோடு ஒட்டிவைத்து, முன்கையை மடியில் தாங்கிக்கொள்ள, தாயோ சகோதரரோ நீர் ஊற்றலாம். இத்தகையோருக்குத் தயம்மும் இல்லை; கழுவுதலே கடமை.

முன்கையில் பிளாஸ்டர் இருப்பின் சட்டம் மாறும். ஷாபிஈ மத்ஹபின்படி, கழுவ இயன்ற பகுதியைக் கழுவி, பிளாஸ்டரின் மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்து, தயம்முமும் செய்ய வேண்டும். தயம்முமின் உறுப்பாகிய கையையே கட்டு மறைத்திருப்பதால், குணமடைந்தபின் அத்தொழுகைகளை மீட்டுதலும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் மஸ்ஹு போதுமானது, மீட்டுதல் இல்லை. வாரக்கணக்கில் பிளாஸ்டரோடு இருப்போர் தமது நிலையை ஆலிம் ஒருவரிடம் விளக்கிக் கேட்டுக்கொள்வது நன்று. ஆனால் தொழுகையை விடுவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

தொழுகையில் தக்பீருக்குக் கை உயர்த்துதலும் நெஞ்சின்கீழ்க் கட்டுதலும் ஸுன்னத்துகளே. இயலும் கையால் செய்தால் போதும். ஸுஜூதில் நலமான கையை முதலில் ஊன்றி மெதுவாக இறங்குக. குனிவது தோளுக்குத் தீங்கு என்று வைத்தியர் கூறினால், அமர்ந்து சைகையால் தொழலாம். துணியில் இரத்தம் பட்டிருந்தால் மாற்றிக்கொள்ள இரண்டு துணிகள் வைத்திருங்கள். வலக்கை கட்டுண்டவர் இடக்கையால் உண்பதிலும் குற்றமில்லை. பிள்ளையை அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கட்டும் முறையிலும் கவனம் தேவை. முழங்கை ஏறத்தாழ 90 பாகையில் மடிந்து, விரல்கள் முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். மணிக்கட்டு துணிக்கு வெளியே தொங்கலாகாது. முடிச்சு பிடரி எலும்பின் மேல் அமையாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். மோதிரத்தை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்; வீங்கியபின் கழற்றுவது கடினம். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே வைத்தியசாலை செல்லுங்கள். எலும்பு முறிவுச் சிகிச்சையைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அத்தஸ்ரீஃப் என்னும் நூலில் விரிவாக எழுதிய குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி நம் முன்னோருள் ஒருவரன்றோ!

இளைஞர்கள் வலி குறைந்ததும் வெட்கத்தால் கட்டை வீசிவிடுகின்றனர். முதியோர் அச்சத்தால் மாதக்கணக்கில் அணிகின்றனர், தோள் இறுகிப்போகிறது. எத்தனை நாள் அணிவது, எப்போது கழற்றி விரலையும் முழங்கையையும் அசைப்பது என்பதை வைத்தியரிடமே கேளுங்கள். உஹதில் நபி (ஸல்) அவர்களைக் காத்த தல்ஹா (ரழி) அவர்களின் கை செயலிழந்தே போயிற்று. அது அவர்களுக்கு இழுக்கன்று, கண்ணியம்.

பள்ளிவாசலில் ஸஃபு நெருங்கி நிற்கையில் இத்தகைய சகோதரருக்குச் சுவரோர இடத்தை, காயமுற்ற கை சுவர்ப்பக்கம் அமையுமாறு, விட்டுக்கொடுங்கள்.