கட்டடக் கலைப் பட்டங்களும் அவற்றுக்குரிய வாயில்களும்

புதிதாகக் கட்டிய வீடொன்றைக் காணும் நம்மவர், "மேசன் யார்?" என்றுதான் முதலிற் கேட்பர். தச்சு வேலை செய்தவரின் பெயரையுஞ் சிலர் கேட்பதுண்டு. அவ்வீட்டை முன்னரே மனத்திற் கண்டு, காற்று எப்பக்கம் புகும், வெயில் எவ்வறையில் விழும், மாரி மழைத் தண்ணீர் எங்கே வழிந்தோடும் என்றெல்லாம் எண்ணித் தாளில் வரைந்தவர் யார் எனக் கேட்போர் மிகச் சிலரே. அந்த மனிதரையே கட்டடக் கலைஞர் என்கின்றோம். அவரை உருவாக்கும் கல்வி எத்தகையது, அதற்குள் நுழையும் வாயில்கள் எவை என்பன, பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை. இவ்விடயத்தில் அறியாமையால் ஏற்படும் நட்டம் சிறியதன்று. ஆண்டுகளும் பணமும் வீணாகக்கூடும்.

முற்காலத்திலே அனுமதி என்ற வினாவே எழவில்லை. ஸ்தபதியின் மகன் தந்தையின் உளியொலியைக் கேட்டு வளர்ந்தான். முழக்கோல் பிடிக்கத் தெரிந்த நாளே அவன் கல்லூரிக்குச் சென்ற நாள். அம்மரபு முற்றாக மறைந்துவிடவுமில்லை. 1957ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் தமிழக அரசு தொடக்கிய கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி, பரம்பரைக் கல்வியை வகுப்பறைக் கல்வியாக்க எடுக்கப்பட்ட முயற்சியேயாகும். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அதன் தலைவராய் இருந்தவர்.

மேனாட்டிலும் தொடக்கத்திற் குருகுல முறையே நிலவிற்று. இளைஞன் ஒருவன் கட்டடக் கலைஞரொருவரிடம் பணங் கட்டிச் சேர்ந்து, சில ஆண்டுகள் படம் பிரதி செய்து தொழில் கற்பான். குருவுக்கு மனமிருந்தால் கற்பிப்பார். இல்லையேல் மாணவன் கூலியில்லாத எழுதுவினைஞனாய்க் காலங் கழிப்பான். இந்நிலையை வெறுத்த இளைஞர் சிலர் 1847இல் இலண்டனில் தாமே கூடி ஒருவருக்கொருவர் கற்பிக்கத் தொடங்கினர். இன்று உலகப் புகழ் பெற்றுள்ள ஏ.ஏ. எனும் கட்டடக் கலைச் சங்கக் கல்லூரி அவ்வாறு பிறந்ததே. பிரித்தானியக் கட்டடக் கலைஞரின் அரச நிறுவனம் 1863இல் விரும்பியோர் எழுதும் பரீட்சையொன்றை ஏற்படுத்தி, 1882இல் அதனை அங்கத்துவத்துக்குக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்காவிலே மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 1868இல் இக்கலைக்குரிய வகுப்புகளைத் தொடங்கியது. ஆயினும் அக்காலத்து மாணவர் கண்கள் பாரிஸ் நகரத்து நுண்கலைக் கலாசாலையையே நோக்கின.

அக்கலாசாலையின் வாயில் எவ்வளவு குறுகியது என்பதற்கு ஜூலியா மோர்கன் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் வரலாறு தக்க சான்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1894இல் பொறியியற் பட்டம் பெற்ற இவர் 1896இல் பாரிஸ் சென்றார். கட்டடக் கலைப் பிரிவில் அதுவரை பெண்ணொருத்தி சேர்ந்ததில்லை. அனுமதிப் பரீட்சைக்கு நூற்றுக்கணக்கானோர் தோற்ற, 30 பேர் மட்டுமே தெரிவு செய்யப்படுவர். முதன்முறை அவர் பெற்ற இடம் 42. இரண்டாம் முறையும் தோல்வியே. 1898இல் மூன்றாம் முறை எழுதி 13ஆம் இடத்தைப் பெற்றார். 30 வயது நிறைந்தோர் அங்கே தொடர்ந்து கற்றல் இயலாது. அவ்வெல்லையை எட்டும் தறுவாயில், 1902இல், தேர்ச்சிச் சான்றிதழைக் கையிற் பெற்றார். பின்னர் 700க்கு மேற்பட்ட கட்டடங்களை ஆக்கினார். அவர் இறந்த ஆண்டு 1957. அமெரிக்க நிறுவனம் தன் உயர்ந்த பொற்பதக்கத்தை அவருக்கு அளித்ததோ 2014இல்!

இனி இன்றைய நிலையை நோக்குவோம். பட்டப் பின்படிப்புக்கென நம் மாணவர் பலர் நாடுவது அமெரிக்காவை. அங்கே எம்.ஆர்க். எனப்படும் முதுமாணிப் பட்டம் ஒரே பெயரில் வழங்கினும், உண்மையில் அது மூன்று வெவ்வேறு படிப்புகளைக் குறிக்கும். குழப்பம் தொடங்குமிடம் இதுவே.

முதலாவது வகை, கட்டடக் கலையை முன்னர் கல்லாதவர்க்கு உரியது. வரலாறோ, தாவரவியலோ, இசையோ எதில் இளமாணிப் பட்டம் பெற்றவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். மூன்று அல்லது மூன்றரை ஆண்டுகள் கற்க வேண்டும். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் மூன்றரை ஆண்டுகள். நுழையுமுன் நுண்கணிதத்திலும் பௌதிகத்திலும் அடிப்படைப் பாடங்களை முடித்திருத்தல் வேண்டுமெனப் பல கலாசாலைகள் விதிக்கின்றன. சில, கட்டடக் கலை வரலாற்றையும் கேட்கும்.

இரண்டாவது வகை, நான்காண்டுப் படிப்பில் இக்கலையின் முற்பகுதியைக் கற்று, தொழிற் பட்டம் பெறாது நிற்பவர்க்கு உரியது. அவர்க்கு ஏறக்குறைய இரண்டாண்டுகள் போதும். முற்படிப்பை ஆராய்ந்த பின்னரே எந்த ஆண்டிற் சேர்ப்பதெனக் கலாசாலை முடிவு செய்யும்.

மூன்றாவது வகை, ஐந்தாண்டு பி.ஆர்க். போன்ற தொழிற் பட்டத்தை ஏற்கெனவே பெற்றவர் மேலும் ஆழ்ந்து கற்பதற்கானது. ஓராண்டில் அல்லது ஈராண்டில் முடியும். தொழில் செய்வதற்கான அங்கீகாரம் இப்படிப்புக்கு இல்லை. அதனைப் பெற்றவர்தாமே இதிற் சேர்கிறார் என்பது கருத்து.

ஒரு மாணவனை உதாரணமாகக் கொள்வோம். அவன் குடிசார் பொறியியற் பட்டதாரி. கட்டடக் கலைஞனாக விரும்புகிறான். மூன்றரை ஆண்டுச் செலவை எண்ணி அஞ்சிய குடும்பத்தார், கட்டடச் சூழலைப் பற்றிய ஓராண்டு முதுமாணிப் படிப்பொன்றைக் கண்டு மகிழ்கின்றனர். பல்கலைக்கழகமோ புகழ்பெற்றது, காணியை ஈடு வைத்து அவனை அனுப்பிவிடுகின்றனர். அவன் நன்றாகவே கற்றுத் தேறுகிறான். ஆனால், கட்டடக் கலைஞனாகப் பதிவு செய்ய முனையும்போது, அப்பட்டம் அதற்குரியதன்று என்ற பதிலே கிடைக்கிறது. பல்கலைக்கழகம் அவனை ஏமாற்றவில்லை; படிப்பின் தன்மையை ஒளிக்காமலே எழுதியிருந்தது. கேட்க வேண்டிய கேள்வியை எவரும் கேட்கவில்லை என்பதே குறை.

அக்கேள்வி யாதெனில், "இப்பட்டம் தொழில் அங்கீகாரம் பெற்றதா?" என்பது. அமெரிக்காவில் 1940இல் நிறுவப்பட்ட தேசிய அங்கீகாரச் சபையே இதனைத் தீர்மானிப்பது. அச்சபை பல்கலைக்கழகத்தை அன்றிக் குறிப்பிட்ட படிப்பையே ஆராய்ந்து அங்கீகரிக்கும். ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியரிடம் கற்பிக்கப்படும் இரண்டு படிப்புகளில் ஒன்று அங்கீகாரம் பெற்றிருக்க, மற்றது பெறாதிருத்தலும் கூடும். பட்டம் பெற்ற பின்னரும் வேலை முடியவில்லை. 3,740 மணி நேரத் தொழிற் பயிற்சியும், ஆறு பகுதிகள் கொண்ட பரீட்சையும் எஞ்சியிருக்கும்.

விண்ணப்பத்துடன் அனுப்ப வேண்டியவை பெறுபேற்றுப் பட்டியல், ஆசிரியர் மூவரின் பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, படிப்பதன் நோக்கத்தை விளக்கும் கட்டுரை என்பன. ஜீ.ஆர்.ஈ. என்னும் பொதுப் பரீட்சையை முன்னர் எல்லோரும் கேட்டனர். இப்போது பலர் கைவிட்டுள்ளனர். இவையாவும் ஏனைய துறைகளுக்கும் பொதுவானவையே. இக்கலைக்கே சிறப்பாய் உரியது போர்ட்போலியோ எனப்படும் ஆக்கத் தொகுதியாகும். மாணவன் தான் வரைந்தவற்றையும் செய்தவற்றையும் தெரிந்தெடுத்து ஏடாக ஒழுங்கு செய்து காட்டுவது அது. பரீட்சைப் புள்ளி மிகுந்த மாணவர் பலர் இங்கேதான் இடறுகின்றனர்.

முதல்வகைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவன் கட்டடப் படங்களைக் காட்ட வேண்டுமென்பதில்லை. பென்சில் வரைபு, நிழற்படம், மண்ணாற் செய்த பாண்டம், தன் கையாற் செய்த நாற்காலி, நெய்த பாய், ஏதாவது பொறியின் மாதிரி ஆகிய எதையும் வைக்கலாம். கட்டடங் கட்டத் தெரிந்தவனையா தேடுகிறார்கள்? அதைத்தானே அவர்கள் கற்பிக்கப் போகிறார்கள்! அவர்கள் தேடுவது, பார்க்கத் தெரிந்த கண்ணையும், ஓர் எண்ணத்தைப் படிப்படியாக வளர்க்கத் தெரிந்த மனத்தையுமே. ஆதலால், முடிந்த பொருளின் பளபளப்பான படத்தை மட்டும் வைப்பதிலும், அப்பொருள் உருவான வழியைக் காட்டும் முதற் கிறுக்கல்களையும் உடன் வைப்பது நன்று. பத்துச் சாதாரண வேலைகளிலும் நான்கு நல்ல வேலைகள் மேலானவை. ஒவ்வொரு கலாசாலையும் பக்க எண்ணிக்கைக்கும் அளவுக்கும் விதி வைத்திருக்கும். அதனை மீறுதல் கூடாது. பலர் கூடிச் செய்த வேலையாயின், தன் பங்கு இன்னதென்று வெளிப்படையாக எழுத வேண்டும். பிறர் வேலையைத் தனதெனக் காட்டல் களவு. வரைகூடத்தில் ஒரு கிழமை கழியுமுன் அது வெளிப்பட்டுவிடும்.

வரைகூடம் என்றது ஸ்ரூடியோவை. ஏனைய பட்டங்களில் விரிவுரை மண்டபம் வகிக்கும் இடத்தை இப்படிப்பில் வரைகூடம் வகிக்கிறது. ஆசிரியர் ஒரு நிலத்தையும் ஒரு தேவையையும் கொடுப்பார். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் விடையை வரைந்தும் மாதிரி செய்தும் இறுதியில் பலர் முன்னிலையில் நின்று வாதிடுவர். அங்கே வரும் கண்டனம் கடுமையானது. இரவு விழித்துச் செய்த மாதிரியை ஐந்து நிமிடத்திற் குறைகூறி ஒதுக்குதலும் உண்டு. அதைத் தாங்கும் மனவலிமையை எந்த விண்ணப்பப் பத்திரமும் கேட்பதில்லை. ஆனால் அதுவும் ஒரு தகைமையே.

பிரித்தானியாவில் நெடுங்காலம் நிலவிவரும் ஒழுங்கு வேறு. மூன்றாண்டு இளமாணிப் படிப்பு முதற் பகுதி, அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு அலுவலகப் பயிற்சி, இரண்டாண்டு முதுமாணிப் படிப்பு இரண்டாம் பகுதி, மீண்டும் பயிற்சி, இறுதியில் தொழில் நடைமுறை பற்றிய மூன்றாம் பகுதிப் பரீட்சை. ஆக, ஏழாண்டுகளாவது கழியும். இக்கல்வி பல்கலைக்கழகத் தரத்தில், முழுநேரமாக அமைய வேண்டுமென்ற கொள்கைக்கு வழி செய்தது 1958இல் ஒக்ஸ்போட்டில் நடந்த மகாநாடு. இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கட்டடக் கலை மன்றம் ஐந்தாண்டு பி.ஆர்க். பட்டத்தைத் தொழிலுக்குரியதாகக் கொள்கிறது. அதன் பின்னரே ஈராண்டு எம்.ஆர்க்.; அது மேற்புலமைக்கேயன்றித் தொழில் உரிமைக்கன்று. ஒரே பெயருடைய பட்டம் இரு நாடுகளில் இரு பொருள் தருதலை இங்கே காண்கின்றோம்.

இலங்கையிலே 1961இல் கட்டுபெத்தையில் இக்கல்வி தொடங்கிற்று. அதற்கு முன் கடல் கடந்தே கற்க வேண்டியிருந்தது. கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா முதலிற் பம்பாயிற் கற்றார். தேசிய இயக்கத்தோடு கொண்ட ஈடுபாட்டினால் அப்படிப்புத் தடைப்பட, பின்னர் இலண்டன் சென்று ஏ.ஏ. கல்லூரியில் முடித்தார். 1948இல் பிரித்தானிய அரச நிறுவனத்தின் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி அவரே. ஜெப்ரி பாவாவின் வழி இன்னும் வியப்பானது. கேம்பிரிஜ்ஜில் ஆங்கில இலக்கியம் கற்று, பின் நியாயவாதியாகி, அத்தொழிலையும் விட்டுவிட்டு, பெந்தோட்டைக்கு அண்மையில் ஒரு தோட்டத்தை வாங்கித் திருத்தத் தொடங்கியபோதே தமக்குக் கட்டடக் கலைக் கல்வி போதாதென உணர்ந்தார். ஏ.ஏ. கல்லூரியிற் சேர்ந்து 1957இல் தகைமை பெற்றபோது அவருக்கு வயது 38. கோட்டையிலுள்ள பாராளுமன்றக் கட்டடம் அவரது ஆக்கம். அவருடன் நெடுங்காலம் பங்காளராய் இருந்தவர் பொறியியலாளர் பூலோகசுந்தரம் என்ற தமிழர். கூரை எவ்வாறு மிதப்பதுபோலத் தோன்ற வேண்டும் என ஒருவர் எண்ண, அது விழாது நிற்கும் வழியை மற்றவர் கணித்தார். பொறியியலும் கட்டடக் கலையும் ஒன்றே என மயங்குவோர் இக்கூட்டுறவை நினைவிற் கொள்ளலாம்.

இன்று மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பு உண்டு. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுடன், பல்கலைக்கழகம் தனியே நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைதல் வேண்டும். பரீட்சைக்கான அறிவித்தல் வெளிவருங் காலத்தைக் கவனியாது விட்டு, உயர்ந்த பெறுபேறிருந்தும் வாய்ப்பிழக்க நேரலாம். பாடசாலை அதிபர்கள் இதனை முன்கூட்டியே நினைவூட்டல் நன்று. முன்னர் இதே கல்வி, மூன்றாண்டு இளமாணி, இரண்டாண்டு முதுமாணி என இரு பட்டங்களாய் வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே மூத்த கலைஞரிடம் எம்.எஸ்சி.யும் இளையவரிடம் பி.ஆர்க்.கும் இருப்பதைக் கண்டு, மூத்தவர் ஒரு படி மேலே கற்றவரென எண்ணற்க.

வெளிநாட்டிற் கற்றுத் திரும்புவோர் இங்கே தொழில் செய்ய முனையும்போது, 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தாற் கூட்டிணைக்கப்பட்ட இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தையும், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்பட்ட பதிவுச் சபையையும் நாட வேண்டும். திரும்பி வந்தபின் நாடுவதிலும், புறப்படுமுன் நாடுதல் எளிது. சேரவிருக்கும் படிப்பின் முழுப் பெயர், காலம், அந்நாட்டு அங்கீகாரச் சபையின் பெயர் ஆகியவற்றை எழுதிக் கேட்டு, அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே காணி உறுதியை வெளியில் எடுக்க வேண்டும்.